ஆறு பேருக்கு ஆறு காலண்டர் தாள்

நம்மில் ஒருவருக்கும் இன்னும் முப்பது முடியவில்லை. ஆனாலும் போன வாரம் நம் ஆறு பேர் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தன் முட்டுவலிக்கு எண்ணெய் கேட்டான். இன்னொருத்தி தன் மகனை எல்.கே.ஜி.யில் சேர்த்த படத்தைப் போட்டாள். சரி, பழைய கதை பேசும் வயது வந்தாயிற்று என்று நானே முடிவு செய்துகொண்டேன். மறந்து போனவர்கள் நினைத்துப் பாருங்கள், நினைவிருப்பவர்கள் திருத்துங்கள்.

எழுதத் தூண்டியது இன்று காலை வகுப்பு. என்னிடம் வயலின் கற்கும் ஒரு சின்னப்பிள்ளை, "மிஸ், எனக்கு ரெண்டு சுரம்தான் வருகு. நான் எங்கெ போயி இவங்க கூட வாசிக்கதுக்கு?" என்று கேட்டது. கண்ணில் தண்ணீர் தளும்பி நின்றது. எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. ரெண்டு சுரமா? ரெண்டு சுரத்தை வைத்துக்கொண்டு ஒரு சபையையே எழுந்து நிற்க வைத்தவர்கள் நாம்.

அந்த ஆண்டு நான் ஏழாம் வகுப்பு முடித்திருந்தேன். கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து, சுசீந்திரம் பஸ்ஸிலிருந்து இறங்கினால் ஆலயம் வரைக்கும் இரண்டு பக்கமும் அறுத்த தாள் நின்ற வயல்தான். வரப்பில் நடந்தால் வைக்கோல் தூசி மூக்கில் ஏறும். வயலின் பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வெயிலுக்குக் குடையாக்கி நடந்திருக்கிறேன்.

வாத்தியங்கள் சபைக்கு வந்தது ஜனவரியில். வெளிநாட்டில் இருந்த ஒரு சபையார் பெரிய பெட்டி ஒன்றில் அனுப்பியிருந்தார்: மூன்று வயலின், ஒரு ட்ரம்பெட், வாயால் ஊதிக்கொண்டே கட்டையை அமுக்கும் மெலோடிகா ஒன்று. பெட்டியைத் திறந்தபோது வந்த அந்த வாசனை, மெழுகும் புது வார்னிஷும் கலந்தது, இன்றைக்கும் எந்தக் கடையிலாவது வந்தால் நான் அப்படியே நின்றுவிடுவேன். பட்டணத்திலிருந்து ஒரு வாத்தியார் வாரம் இருமுறை வந்து சொல்லிக் கொடுத்தார். ஏப்ரலில் அவருக்கு மஸ்கட் விசா வந்தது. போய்விட்டார். போகும்போது கமிட்டியிடம், "பிள்ளைகள் அறுப்புப் பண்டிகையில் வாசிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எங்களுக்கு அதைச் சொல்ல மறந்துவிட்டார்.

பண்டிகை மே மாதம் கடைசி ஞாயிறு. சபைச் செயலாளர் ஒரு நாள் எங்களை வரிசையாக நிறுத்தி விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"பண்டிகைக்கு வாசிச்சா பெட்டி இஞ்ச இருக்கும். வாசிக்காட்டா போர்டிங் ஸ்கூலுக்குக் குடுத்துரலாம். அங்கெ சொல்லிக் குடுக்க ஆளு உண்டு. இஞ்ச எலி கடிக்கதுக்கா வெச்சிருக்கு?"

அவர் சொன்னதில் தப்பில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது அவர் வீட்டு மாமரத்தை நாங்கள் மொட்டையடித்தோம்.

நாங்கள் ஆறு பேர். வயலினுக்கு நானும், செயலாளரின் இரட்டைப் பிள்ளைகளும். ட்ரம்பெட்டுக்கு என் பக்கத்து வீட்டுக்காரன். மெலோடிகாவுக்கு என் தம்பி, மூன்றாம் வகுப்பு, முன்பல் இரண்டும் இல்லை. கீபோர்டுக்குப் பெரியப்பா மகள் அக்கா. அக்கா பிளஸ் ஒன். ஆலயத்துக் கீபோர்டில் அவள் வாசிப்பது வெள்ளைக் கட்டைகள் மட்டும்தான், கறுப்பைத் தொட்டதே இல்லை. சுருதி உயர வேண்டுமா, கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் உண்டு. அதை ஒருமுறை தட்டினால் எல்லாக் கட்டையும் அரைப்படி ஏறிக் கேட்கும், விரல் இடம் மாறாது. நம் பக்கத்து ஆலயங்களில் பாதிப் பேர் வாசிப்பது இப்படித்தான். அக்காவும் அதை ஒரு கலையாகவே வைத்திருந்தாள்.

வாத்தியார் ஒரு ஜெராக்ஸ் பிரதி விட்டுப் போயிருந்தார். நான்கு குரலுக்கு எழுதிய பெரிய பாட்டு. வாசித்துப் பார்த்தோம். ஆலயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த ஆடு பதில் சொன்னது.

"அது கூட நம்மள விட நல்லா பாடுகு," என்றான் ட்ரம்பெட்காரன்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. பாட்டுக்கு ஏற்ற ஆளைத் தேடுவதற்கு நேரமில்லை. ஆளுக்கு ஏற்ற பாட்டைத் தேடினால் என்ன? வீட்டுக்கு ஓடிப்போய்ப் பாட்டுப் புத்தகங்களை எடுத்துப்போட்டு, ஒவ்வொரு பாட்டிலும் எத்தனை சுரம் வருகிறது என்று எண்ண ஆரம்பித்தேன். எட்டு, ஒன்பது, பத்து. எல்லாம் எங்களுக்கு மேலே. கடைசியில் கிடைத்தது ஓய்வுநாள் பள்ளிப் பாட்டு ஒன்று, நாலு வயதுப் பிள்ளைகள் கைதட்டிப் பாடுவது. ஐந்தே சுரம். டோ, ரே, மீ, ஃபா, ஸோ. திரும்பத் திரும்ப அதே ஐந்து.

இரட்டையர் இருவருக்கும் முகம் சுருங்கியது.

"ஏட்டி, நாங்க ஏழாங் கிளாஸ். இது பேபி கிளாஸ் பாட்டுல்லா?"

"உனக்கு அஞ்சு சுரம் வருமா?"

"வரும்."

"ஆறு?"

பாட்டு முடிவாயிற்று.

எழுதுவதற்குத் தாள்? வீட்டில் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை அம்மா அரிசிப் பானைக்குப் பின்னால் சேர்த்து வைத்திருந்தாள். முன்பக்கம் தேதி, ராகு காலம், பின்பக்கம் வெள்ளை. ஆளுக்கொரு தாள். ஒவ்வொருவருக்கும் எது வருமோ அதை மட்டும் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். எளிதாக இருந்ததா? இல்லை, மக்கா! தலை வெடித்தது.

வயலினுக்கு டி கம்பியில் தொடங்கினால் டோ, விரலே வைக்க வேண்டாம், சும்மா இழுத்தால் போதும். ஸோவும் அப்படியே, அடுத்த கம்பி. ஆகவே டி-தான் எங்கள் டோ. இரட்டையரில் பெரியவளுக்கு மூன்று விரலும் சரியாக விழும், பாட்டு அவளுக்கு. எனக்கு ஆசை இருந்தது, உண்மை. ஆனால் என் மூன்றாம் விரல் எப்போதும் கொஞ்சம் தாழ்ந்தே விழும். எழுதுகிறவளே தனக்கு நல்லதை எடுத்துக்கொண்டால் நாளைக்கு யார் வாசிப்பார்கள்? சின்னவளுக்கும் எனக்கும் வெறும் கம்பிகள். வில்லை வைத்துவிட்டு விரலால் தட்டி மீட்டுவது.

ட்ரம்பெட்தான் வம்பு. அவனுக்குத் தெரிந்தது ஐந்து சுரம். ஆனால் அவன் "டோ" என்று ஊதினால் அது எங்கள் டோ-வோடு ஒட்டவே இல்லை. ட்ரம்பெட்டின் வீடு வேறு இடத்தில் இருக்கிறது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? நான் டி கம்பியை இழுத்துக்கொண்டே இருந்தேன், அவன் ஒவ்வொன்றாக ஊதினான். முதல் இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கியபோது சத்தம் இரண்டும் ஒன்றாகி, காதுக்குள் ஒரு கதவு மூடியது போல இருந்தது.

"அதுதான்! அதை விடாத!"

"எட்டி, மூச்சு போகு!"

ஸோ-வுக்கு அவன் புதிதாக ஒன்று கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது, நடுப்பட்டன் மட்டும், கொஞ்சம் அழுத்தி ஊத வேண்டியது. மூன்று நாள் பிடித்தது. தென்னந்தோப்பில் நின்று ஊதுவான், காக்கா எல்லாம் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. ரெண்டே சுரம் அவனுக்கு. தாளில் சுரத்தின் பெயரே எழுதவில்லை, விரலை மட்டும் எழுதினேன்: இரண்டு, நடு, இரண்டு, இரண்டு.

தம்பிக்கு மெலோடிகாவில் மூன்று கட்டை. அம்மாவின் கண்ணாடியில் ஒட்டியிருந்த பொட்டுகளில் மூன்றைப் பிய்த்து அந்தக் கட்டைகளில் ஒட்டினேன். சிவப்பு, பச்சை, கறுப்பு. அவன் தாளில் வெறும் வண்ணப் புள்ளிகள். அம்மா ஒரு வாரம் பொட்டைத் தேடினாள்.

அக்காவுக்கு எல்லாம் வெள்ளைக் கட்டையில், ட்ரான்ஸ்போஸை இரண்டு முறை தட்டினால் எங்கள் டி-யில் வந்து சேர்ந்துவிடும். திரையில் 02 என்று காட்டும்.

எல்லாத் தாளிலும் அடியில் ஒரே வரி எழுதியிருந்தேன்: வழி தவறினால் உன் முதல் சுரத்துக்குப் போய் அங்கேயே நில். மற்றவர்கள் சுற்றி வந்து உன்னைக் கூட்டிக்கொள்வார்கள்.

ஏன் அந்த வரி என்றால், அறுப்புப் பண்டிகையில் காணிக்கை எடுத்து வரும் நேரத்துக்குக் கணக்கே கிடையாது. ஏத்தன் வாழைக்குலை, பலாச்சக்கை, மரச்சீனிக் கிழங்கு, சேவல், நெல் மூடை என்று வாசலிலிருந்து வரிசை வந்துகொண்டே இருக்கும். கடைசிச் சக்கை பீடத்துக்கு முன் இறங்கும் வரை இசை நிற்கக் கூடாது. ஒரு சுற்றாகவும் முடியலாம், பத்துச் சுற்றும் போகலாம். முதல் சுற்று கம்பியும் கீபோர்டும், இரண்டில் மெலோடிகா, மூன்றில் ட்ரம்பெட் என்று நான் படிப்படியாக அடுக்கியிருந்தேன். அதற்கு மேல் போனால் திரும்ப முதலிலிருந்து.

ஒத்திகை அருமையாகப் போனது. எங்களுக்கே நம்ப முடியவில்லை.

பண்டிகைக்கு முந்தின வாரம் சனிக்கிழமை மாலை, கமிட்டி எங்கள் வாசிப்பைக் கேட்க வந்தது. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் என் மாமா, அம்மாவின் அண்ணன், சபையின் கொயர் மாஸ்டர். வருவாய் அலுவலகத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் உண்மையான மாமா. நாற்பது பேர் பாடும்போது எவன் அரைச்சுரம் இறங்கினான் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார். அவர் வாயால் ஒரு "நல்லாருக்கு" வாங்குவதுதான் எனக்குப் பரீட்சையில் முதல் வருவதை விடப் பெரிது.

அவர்கள் வந்து உட்காரும் முன் கரண்டு போனது. ஐந்து நிமிடம். பாஸ்டர் வீட்டிலிருந்து கருப்பட்டிக் காப்பி வந்தது, குடித்தோம். கரண்டு வந்தது. தொடங்கினோம்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவேன்? ஒரு வீட்டில் இரண்டு குடும்பம் ஒரே நேரத்தில் சண்டை போடுவது போல. இரட்டையரில் பெரியவள் பயந்து விரலை மாற்றிப் பார்த்தாள், தம்பி பொட்டை மாற்றிப் பார்த்தான். எல்லாரும் எல்லாரையும் முறைத்தோம். மாமா கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்று முழுக்கக் கேட்டார். பிறகு கையை உயர்த்தினார்.

"போதும் மக்களே. பிள்ளியளுக்குக் காது இன்னும் வரல்ல. பண்டிகைக்குக் கொயர் பாடட்டும்."

தாள்களை யார் எழுதியது என்று செயலாளர் கேட்டார். நான் கையைத் தூக்கினேன். மாமா என்னைப் பார்த்தார். கோபமே இல்லை, அதுதான் கொடுமை.

"பாட்டு எழுதுகதுக்கு மொதல்ல காது வேணும் மக்ளே."

திங்கட்கிழமை பெட்டி போர்டிங் ஸ்கூலுக்குப் போவதாக ஏற்பாடு. நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று எழுத ஆசைதான். சாப்பிட்டேன், மீன்குழம்பு. ஆனால் ருசி தெரியவில்லை.

ஞாயிறு மதியம் அக்காவை இழுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போனேன். ஆராதனை முடிந்து யாரும் இல்லை, மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. "இப்பம் எதுக்குட்டி? நாளைக்குப் பெட்டி போகப் போகு," என்று அக்கா முனகினாள். அவள் ஒரு கட்டையை அமுக்க, நான் கம்பியை இழுத்தேன். ஒட்டவில்லை. அப்போதுதான் திரையைப் பார்த்தேன்.

"யக்கா, இது 00-ல நிக்கி."

"நான் 02 வெச்சேன். சத்தியமா. அந்த ரெட்டைச் சனியன்தான் மாத்தியிருக்கும்."

02 வைத்தாள். வாசித்தோம். அழகாக ஒட்டியது. இரட்டையரைத் திட்டிக்கொண்டே இரண்டாவது சுற்றுக்குப் போனபோது மின்விசிறி மெதுவாகி நின்றது. கரண்டு போய்விட்டது. அந்த மே மாதத்தில் அது பகலில் நாலு தடவை போகும். சிறிது நேரத்தில் வந்தது. கீபோர்டு 'கிணிங்' என்று விழித்தது. திரையில் 00.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அக்கா கத்தின கத்தலில் ஆலய மணிக்கூண்டுப் புறா எல்லாம் பறந்தது. கரண்டு போய் வந்தால் அந்தப் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது! நாங்கள் ஐந்து பேரும் ஒரு வீட்டில், அக்கா மட்டும் தெரியாமல் பக்கத்து வீட்டில். அவ்வளவுதான் நடந்தது.

மாமா மதியத் தூக்கத்தில் இருந்தார். எழுப்பினோம். லுங்கியோடு வந்தார். முன் இருக்கையில் உட்காரவைத்து, "மாமா, கண்ண மூடுங்க," என்றேன். அக்கா 02 வைத்து ஒரு கட்டையை அமுக்கினாள். மாமா உடனே அந்தச் சுரத்தைப் பாடினார், பழக்கதோஷம். நான் சுவரில் சுவிட்சை அணைத்து, மறுபடி போட்டேன். அக்கா அதே கட்டையை அமுக்கினாள்.

மாமா பாட வாயைத் திறந்து, பாடாமல் கண்ணைத் திறந்தார்.

"எறங்கிப் போச்சு."

"அதே கட்டைதான் மாமா."

அக்கா பட்டனை இரண்டு முறை தட்டித் திரையில் 00-ஐ 02 ஆக்கியதைக் குனிந்து பார்த்தார் மாமா. "நேத்தைக்குக் கரண்டு போச்சுல்லா?"

"போச்சு."

"வந்தப்பொறவுதான் வாசிச்சிய?"

"ஆமா மாமா."

தப்பு என்று அவர் சொல்லவில்லை. எழுந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டார். "ஒரு சரணம். காணிக்கை வரத் தொடங்கும்ப ஒரு சரணம் வாசியுங்கோ. அதுக்குப் பொறவு நான் கை தூக்குவேன், கொயர் எடுத்துக்கிடும். செயலாளர்ட்ட நான் பேசுகேன்."

இப்போது யோசித்தால் அவர் மேல் வருத்தமில்லை. ஆயுள் முழுக்கக் குரல்களோடு இருந்தவர். குரல் தப்பினால் அது பாடுகிறவன் தப்பு. இயந்திரமும் தப்பும் என்று அவர் காதுக்கு யாரும் சொன்னதில்லை, அதனால் கைக்கெட்டியதைப் பிடித்தார், அது நாங்கள். போன வருடம் நானே ஒரு பையனைத் "தாளம் வராது உனக்கு" என்று சொல்லிவிட்டு, பிறகு அவன் நின்ற இடத்தில் எதிரொலி தாமதமாக வந்தது என்று கண்டுபிடித்தேன். மன்னிப்புக் கேட்டேன், அது மட்டும்தான் வித்தியாசம்.

பண்டிகை நாள். ஆலயம் முழுக்க மட்டி வாழைப்பழமும் வியர்வையும் மல்லிகையும் மணந்தது. தூண்களில் நெற்கதிர் கட்டியிருந்தது. வாசலில் வரிசை நின்றது, முதலில் ஒருவர் தோளில் ஒரு ஏத்தன் குலை, அவர் உயரத்துக்கு. பாஸ்டர் ஜெபித்து முடித்தார். அக்கா 02 வைத்து, எனக்குத் திரையைத் திருப்பிக் காட்டினாள். தொடங்கினோம்.

பத்து வினாடி இருக்குமா? மின்விசிறிகள் ஒரு பெருமூச்சு விட்டன. மைக் செத்தது. கீபோர்டு செத்தது. அக்காவின் விரல்கள் ஊமையாகக் கட்டை மேல் நின்றன.

எங்கள் சத்தம் நிற்கவில்லை. எப்படி நிற்கும்? நான்கு கம்பிக்கும் மூச்சுக்கும் கரண்டு எதற்கு?

திடீரென்று ஆலயம் அவ்வளவு அமைதியாகிவிட்டது. நானும் சின்னவளும் மீட்டும் டக்கு டக்கு, பெரியவளின் பாட்டு, இரண்டாம் சுற்றில் தம்பியின் மெலோடிகா, பல்லிடுக்கில் கொஞ்சம் காற்று ஒழுக. குலை தூக்கி வந்தவர் எங்கள் தாளத்துக்கு அடி வைத்தார். இரண்டு சுற்றோடு சரணம் முடிந்தது. கொயருக்கு முன்னால் மாமாவின் கை மேலே போனதைப் பார்த்தேன். நாற்பது பேரும் மூச்சு இழுத்தார்கள்.

மாமா தலையைச் சாய்த்து எங்களைக் கேட்டார். ஒரு நொடி. பிறகு அந்தக் கையைக் கொயரைப் பார்த்தே மெல்லக் கீழே இறக்கினார். பாடாதீர்கள் என்று.

"லேய், உன் சுற்று!" என்றேன் நான். ட்ரம்பெட்காரன் எழுந்து நின்றான். இரண்டு, நடு, இரண்டு, இரண்டு. அந்த மேற்கூரையில் பட்டு அது திரும்பி வந்தபோது பின் வரிசையில் யாரோ பாடத் தொடங்கினார்கள். பேபி கிளாஸ் பாட்டுத்தானே, தெரியாதவர் யார்? பெரிய பெரிய ஆண்கள், மூடை தூக்கிய கையோடு, எங்களை அமுக்கிவிடக் கூடாது என்று அடங்கின குரலில் பாடினார்கள். நான்காம் சுற்றில் பெரியவள் வழி தவறினாள். தவறியவள் டி கம்பிக்குப் போய் அங்கேயே நின்றாள். சின்னவள் பாட்டைப் பிடித்தாள்! அவள் தாளில் அது இல்லை, பக்கத்தில் இருந்து கேட்டே படித்து வைத்திருந்தாள் கள்ளி. அடுத்த சுற்றில் பெரியவளைக் கூட்டிக்கொண்டோம். ஐந்து, ஆறு, ஏழு. சேவல் ஒன்று கத்தியது, அதுவும் ஏறக்குறைய டி-யில்தான்.

எட்டாம் சுற்றில் பின்னால் ஜெனரேட்டர் தடதடத்தது. விளக்கு வந்தது. கீபோர்டு 'கிணிங்' என்றது. அக்கா ஆவலோடு கையைக் கட்டைக்குக் கொண்டு போனாள், மறந்துவிட்டாள்! ஜெனரேட்டர் சத்தத்தில் கத்தினால் கேட்காது, கை காட்டவும் முடியாது, இரண்டும் வயலினில். யக்கா, யக்கா என்று உள்ளுக்குள் அலறுகிறேன்.

எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. மாமா. கொயருக்கு முதுகைக் காட்டி அக்காவை நேராகப் பார்த்து, இரண்டு விரல்.

அக்கா இரண்டு முறை தட்டினாள்.

கீபோர்டு எங்கள் வீட்டுக்குள் வந்தது. அடுத்த சுற்றின் தலையில் மாமா கையை வீச, நாற்பது பேரும் நான்கு குரலில் எங்கள் ஐந்து சுரத்தின் மேல் வந்து இறங்கினார்கள். சபை எழுந்து நின்றது. கடைசிச் சக்கையை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். அதை இறக்கவே கூடாது என்று இருந்தது எனக்கு.

பெட்டி ஊரை விட்டுப் போகவில்லை. செயலாளர் அதற்குப் பூட்டு மாற்றி, சாவியைச் சின்னவளிடம் கொடுத்தார்.

அந்த ஆறு தாளில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. உங்களில் யாரிடமாவது இருந்தால் படமெடுத்து அனுப்புங்கள். ட்ரம்பெட்காரனுடையது மட்டும் வேண்டாம். இன்று காலை அழுத பிள்ளைக்கு அதை நினைவிலிருந்து அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன், விரலுக்குப் பதில் கம்பி போட்டு. அடியில் அந்த ஒரு வரியோடு.